மாடியில் ஒரு டம்ளர் குறைந்த பிறகு

தம்பி,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மா கடிதம் எழுதியிருக்கிறாள் என்றதும் பாதி படிக்கும்போதே போனை எடுப்பாய், அதற்காகத்தான். போனிலேயே சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நான் இரண்டு வாக்கியம் பேசி மூச்சு விடுவதற்குள் "அப்புறம்மா?" என்று கேட்கிற ஆள் நீ. கல்யாணத்துக்கு முன்னாலேயே அப்படித்தான். இப்போது பெங்களூர், புது வீடு, ஷாலினி என்று ஆன பிறகு இன்னும் கொஞ்சம் கூடியிருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. இது கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டிய விஷயம், அவ்வளவுதான்.

போன வாரம் பேசும்போது, வேலை முடிந்து வந்ததும் நீயும் ஷாலினியும் பால்கனிக் கதவைத் திறந்து போட்டு, ஆளுக்கு ஒரு கிளாஸ் ஒயினோடு உட்காருகிறீர்கள் என்று சொன்னாய். "உங்களையும் அப்பாவையும் பாத்துதான்மா இந்தப் பழக்கமே. அந்த நேரத்துலதான் நாங்க ரெண்டு பேரும் ஒழுங்கா பேசிக்கிறோம்" என்றாய். சந்தோஷமாகத்தான் சொன்னாய். நானும் நல்லது என்று சொல்லிவிட்டு, ஷாலினி அம்மாவின் மூட்டுவலியை விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். நீ பார்த்த மாடி இப்போது அப்படி இல்லை. அது மாறி நாளாகிவிட்டது. எப்படி மாறியது என்று உனக்குத் தெரிந்திருப்பது நல்லது என்று பிறகுதான் பட்டது.

அந்தப் பழக்கம் எங்களுக்கு வந்ததே நீ வேலைக்குக் கிளம்பிப் போன வருடம்தான். அதற்கு முன்னால் நம் வீட்டில் ஒயின் என்றால் கிறிஸ்துமஸ்தான். பன்னீர் திராட்சையைக் கழுவிக் காய வைத்து, சர்க்கரையும் கொஞ்சம் கோதுமையும் பட்டையும் போட்டு ஜாடியில் துணியால் வேடு கட்டி வைப்பேன். கேக்கோடு வருகிறவர்களுக்கு ஒரு சின்ன கிளாஸ். அந்த வருடம் நீயும் இல்லை, வந்தவர்களும் குறைவு, நிறைய மிஞ்சிவிட்டது. பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா பாட்டிலையும் இரண்டு எவர்சில்வர் டம்ளரையும் தூக்கிக்கொண்டு வந்தார். "ஏளா, இது வீணாப் போவுது. குடிச்சிப் பாப்பமா?" என்றார். ராயபுரத்துக்கு வந்து முப்பது வருடம் தாண்டியும் அவர் வாயில் தூத்துக்குடிதான் என்பது உனக்குத் தெரியும்.

அன்று பேசினோம். அதற்கு முன் இருபத்து நாலு வருடமும் பேசாமலா இருந்தோம் என்று கேட்பாய். பேசினோம். சங்கிலி லோடு வந்துவிட்டதா, சிவப்பு பெயிண்ட் தீர்ந்துவிட்டதா, மீன்பிடித் தடைக்காலம் வருகிறதே கயிறு எவ்வளவு எடுத்துப் போடலாம், உனக்கு டியூஷன் எத்தனை மணிக்கு. படகுச் சாமான் கடை வைத்திருக்கிற புருஷன் பெண்டாட்டி பேசுகிற பேச்சு. அன்றைக்கு அவர், பதினெட்டு வயதில், தன் மாமா நடத்திய இதே கடைக்கு வேலைக்கு வந்து கயிற்றுச் சுருளின் மேல் படுத்துத் தூங்கிய கதையைச் சொன்னார். நான் டீச்சர் டிரெய்னிங்கைப் பாதியில் விட்டதைச் சொன்னேன். துறைமுகத்துக் கிரேன்களில் விளக்கு எரிய ஆரம்பித்தது. புதிதாக ஒரு ஆளைப் பார்த்துப் பேசுகிற மாதிரி இருந்தது. அதை ஒயின்தான் கொடுத்தது. அதை நான் மறுக்கவில்லை, இப்போதும் மறுக்க மாட்டேன்.

வீட்டு ஒயின் தீர்ந்ததும் வெளியில் வாங்க ஆரம்பித்தார். சர்ச் கமிட்டியில் இருக்கிற மனுஷன் ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ போய் நிற்க முடியுமா? ஊரின் அந்தக் கோடியில் ஒரு பெரிய மாலில், கண்ணாடிக் கதவு போட்ட கடைக்குப் போய் வாங்கி, பெயிண்ட் டப்பா வரும் அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வருவார். எவர்சில்வர் டம்ளரை நாங்கள் மாற்றவே இல்லை. பக்கத்து மாடியிலிருந்து பார்த்தால் டீ என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த டம்ளரில் எவ்வளவு ஊற்றினோம் என்பது பக்கத்து மாடிக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் எங்களுக்கும் தெரியவில்லை. ஒரு வாரத்துக்கு வந்த பாட்டில் பாதி வாரத்துக்கு வந்தது, அப்புறம் இரண்டு நாளைக்குக்கூட வரவில்லை. நீ லீவில் வந்தபோது பார்த்தது அந்தக் காலத்தைத்தான். நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், நீ போட்டோ எடுத்தாய்.

எனக்கு ஐம்பது ஆனது, மாதவிலக்கு நிற்கிற காலம். இதையெல்லாம் மகனிடம் சொல்வதா என்று யோசித்தேன். ஷாலினிக்கும் ஒரு நாள் வரும், பக்கத்தில் நீதான் இருப்பாய், தெரிந்துகொள். நின்றுகொண்டிருக்கும்போதே கழுத்திலிருந்து ஒரு சூடு கிளம்பும், ஜாக்கெட் நனைந்துவிடும். படுத்ததும் தூங்கிவிடுவேன், ஆனால் விடிவதற்கு ரொம்ப முன்னால் முழிப்பு வந்துவிடும். அப்புறம் தூக்கம் கிடையாது. பகலில் கடைக்கு வருகிறவர்கள் மேல் எரிந்து விழுந்தேன். பிரஷரும் ஏறியிருந்தது. மார்க்கெட் ரோட்டில் ஒரு லேடி டாக்டர் இருக்கிறாள், உன் வயதுதான் இருக்கும், அவளிடம் போனேன். "குடிப்பழக்கம் இருக்கா?" என்று அவள் கேட்கும்போதே பேனா "இல்லை" என்று எழுதத் தயாராக இருந்தது. நானும் இல்லை என்றேன். மாத்திரை சாப்பிட்டும் தூக்கம் சரியாகவில்லை. அடுத்த தடவை போனபோது சொன்னேன்.

"ஒயின். சாயங்காலம் ஒரு டம்ளர்."

"எந்த டம்ளர்மா? காபி டம்ளரா, தண்ணி டம்ளரா?"

"தண்ணி டம்ளர்."

பேனாவைக் கீழே வைத்தாள். "ரொப்பி?"

"ரொப்பித்தான். சில நாள் இன்னும் கொஞ்சம்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் வேறு டாக்டரைப் பார்த்திருப்பேன். "அது ஒரு கிளாஸ் கணக்கு இல்லம்மா, ரொம்ப கூட. இந்த வயசுல உடம்பு அதை முன்ன மாதிரி தாங்காது. படுத்ததும் தூங்க வைக்கும், விடியறதுக்குள்ள எழுப்பி விட்டுடும். அந்தச் சூட்டையும் கிளப்பும். பிரஷருக்கும் ஆகாது. ஞாயித்துக்கிழமை வேணும்னா ஒரு சின்ன கிளாஸ் வச்சிக்குங்க. மத்த நாள் வேணாம். கொஞ்ச நாள் பாத்துட்டு வாங்க" என்றாள்.

உன் அப்பாவிடம் சொன்னேன். "அதுக்கென்னளா, உனக்கு நான் எலுமிச்சம்பழம் பிழிஞ்சு தாரேன்" என்றார். தந்தார். அவர் டம்ளரில் ஒயின், என் டம்ளரில் எலுமிச்சை ஜூஸ். விடுவது நான் நினைத்த அளவு கஷ்டமாக இல்லை, சுலபமாகவும் இல்லை. கடை ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டதும் உள்ளே ஏதோ ஒன்று எழுந்து உட்காரும். அந்த நேரத்தில் கைக்கு ஏதாவது வேண்டும், வாய்க்கு ஏதாவது வேண்டும். முறுக்கு தின்றேன். காரணமில்லாமல் அழுகை வந்தது ஒரு நாள். அப்புறம் மெல்ல மெல்லத் தூக்கம் திரும்பியது. காலையில் எழுந்தால் தலை லேசாக இருந்தது. சூடு முழுக்கப் போகவில்லை, குறைந்தது. டாக்டர் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மாடியில் என்ன ஆகும் என்று அவள் சொல்லவில்லை. அது அவளுக்கு எப்படித் தெரியும். உன் அப்பா மாமா கடைக் கதையை ஆரம்பித்தார். மாமா வெளியூர் போயிருந்தபோது நங்கூரத்தைத் தப்பான படகுக்கு ஏற்றி அனுப்பிவிட்ட கதை. நான் அதைப் போன வாரம் கேட்டிருந்தேன். அதற்கு முந்தின வாரமும் கேட்டிருந்தேன். அவர் எந்த இடத்தில் நிறுத்துவார், எந்த இடத்தில் தொடையைத் தட்டுவார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இத்தனை தடவையும் இதற்கு விழுந்து விழுந்து சிரித்தது நான்தானா என்று ஆச்சரியமாக இருந்தது. வேண்டுமென்று சிரிக்காமல் இருக்கவில்லை. சிரிப்பு வரவில்லை. அவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"என்னளா, பரீட்சைப் பேப்பர் திருத்துத டீச்சர் மாதிரி பாக்க?"

"நான் ஒண்ணும் பாக்கல. நீங்க சொல்லுங்க."

"சொல்ல ஒண்ணுமில்ல" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு மாடியின் அந்தக் கோடிக்குப் போய் நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு அவர் மட்டும் மாடிக்குப் போனார், நான் கீழே டிவி முன்னால் உட்கார்ந்தேன். சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. சாப்பாடு போட்டேன், சாப்பிட்டார். எனக்குள் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, இந்த மனுஷன் இத்தனை நாள் என்னோடு பேசினாரா, ஒயினோடு பேசினாரா என்று. அவருக்குள் என்ன ஓடியது என்று பிறகுதான் தெரிந்தது. நீ அப்போது போன் செய்தால் நாங்கள் ஆளுக்கு ஆள் போனைக் கைமாற்றிக்கொள்வோம், நினைவிருக்கும். உன் கல்யாணப் பேச்சு வேறு ஓடிக்கொண்டிருந்தது. பந்தல், சர்ச், பிரியாணி என்று பேச நிறைய இருந்ததால் நீ கவனிக்கவில்லை. நாங்களும் காட்டிக்கொள்ளவில்லை.

கவனித்தது கஸ்தூரிதான். நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போதிலிருந்து கடையில் நிற்கிறாள், அவளிடம் மறைக்க முடியாது. ஒரு மத்தியானம் கயிறு அளந்துகொண்டே கேட்டாள். "யக்கா, அண்ணன் மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்கினு கீறாரு, நீ இந்தாண்ட திருப்பிக்கினு கீற. நடுவுல நான் இன்னா போஸ்ட்மேனா?" சொல்ல எனக்கு வேறு யாரும் இல்லை. சர்ச்சில் சொல்ல முடியாது, என் தங்கையிடம் சொன்னால் ஊருக்கே போய்விடும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கயிற்றுச் சுருள் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒயினா? நீயா? நான் இருமல் மருந்து வாசனைன்னுல்ல நெனச்சிகினு இருந்தேன்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பேஜாரு புடிச்ச வேலை யக்கா இது. பேசாம நீயும் ஒரு டம்ளர் ஊத்திக்கோ, சண்டை தீந்துச்சி" என்றாள். அப்புறம் சிரிப்பு நின்றது. "எங்க வூட்டாளு சாயங்காலமான்னா குடிப்பான். புளியந்தோப்பே அவன குடிகாரன்னுச்சி. நீங்க ரெண்டு பேரும் டெய்லி குடிச்சா அதுக்கு இன்னா யக்கா பேரு?"

கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கஸ்டமர் வந்ததும் எழுந்து போய்விட்டாள். அவள் வீட்டுக்காரர் இப்போது இல்லை. அவர் ரோட்டில் நின்று குடித்தார், ஏனென்றால் அவர்கள் வீடு ஒரே அறை. எங்களுக்கு மாடி இருந்தது, டம்ளர் இருந்தது, அதற்கு ஒயின் என்று ஒரு நல்ல பெயரும் இருந்தது. இதை யோசித்து நான் ஒரு முடிவுக்கும் வரவில்லை. உனக்கும் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

அவள் சொன்ன யோசனையையும் ஒரு நாள் செய்து பார்த்தேன். மாடிக்குப் போனேன். உன் அப்பா ஒன்றும் கேட்காமல் அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். நங்கூரக் கதை வந்தது, சிரித்தேன், நிஜமாகவே சிரிப்பு வந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மறுபடி விடிவதற்கு முன் முழிப்பு, சூடு, தலைபாரம். சமையலறையில் காபி போட்டுக்கொண்டு நிற்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அரை டம்ளருக்கு அப்புறம் சிரிக்கிற ஒருத்தியோடு அவர் சுகமாக இருக்கிறார். அவளும் நான்தான், ஆனால் அவளை தினமும் கொண்டுவந்து உட்கார வைக்க என் உடம்பால் முடியாது.

அன்று சாயங்காலம் ஷட்டர் இறங்கியதும் நான் ஸ்கூட்டர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

"எங்கயாவது கூட்டிட்டுப் போங்க."

"எங்க?"

"எங்கயாவது. மாடிக்கு வேண்டாம்."

அவர் மாடிப்படியை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் சாவியை எடுத்தார். எண்ணூர் போகும் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அந்த இரைச்சலில் பேச முடியாது. அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. திருவொற்றியூர் தாண்டி, கடல் அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கல் கொட்டியிருக்கிறார்களே, அங்கே வண்டியை நிறுத்திவிட்டு ஒரு பாறையில் உட்கார்ந்தோம். தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி. உன் அப்பாவுக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. போனை எடுத்தார், வைத்தார்.

"பேசணும்னுதான கூட்டியாந்த, பேசு."

"நீங்க பேசுங்க."

"எனக்குப் பேச ஒண்ணுமில்லளா. இருந்ததெல்லாம் சொல்லி முடிச்சாச்சு. நீ சிரிச்சியேன்னு திரும்பத் திரும்பச் சொன்னேன். இப்ப நீ சிரிக்கல. வேற சரக்கு எங்கிட்ட இல்ல."

அதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. "அப்ப நான் சிரிக்கதுக்குத்தான் இத்தன பாட்டிலா?" என்றேன். திரும்பும் வழியில் பர்மா நூடுல்ஸ் விற்கிற அத்தோ கடையில் நிறுத்தினார். நான் இறங்க மாட்டேன் என்றேன். இரண்டு பேரும் பசியோடு வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் ஷட்டர் இறங்கியதும் அவரே ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றார். நான் ஏறிக்கொண்டேன். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. பல நாள் அங்கே உட்கார்ந்து அலையைப் பார்த்துவிட்டு வந்ததோடு சரி. உண்மையைச் சொன்னால், அலுப்பாக இருந்தது. டிவியில் நான் பார்க்கிற தொடர் வேறு போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் போனோம். அத்தோவும் சாப்பிட்டோம். அப்படி ஒரு நாள் அவர் கடலைப் பார்த்தபடியே கேட்டார்.

"கடைய மூடிருவமா?"

"மூடிட்டுத்தான வந்தோம்?"

"இல்லளா. மொத்தமா."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே எப்போது இறக்குவோம் என்று இருக்கிறது என்றார். இன்று நேற்று இல்லை, மாமா சாவியைக் கையில் கொடுத்த நாளிலிருந்தே என்றார். பெயிண்ட் வாசனை பிடிக்காது, பேரம் பிடிக்காது, சிரித்துப் பேசி விற்பது பிடிக்காது. உன் படிப்பு, அப்புறம் உன் கல்யாணம், எனக்கு என்ன வழி, கஸ்தூரிக்கு என்ன வழி என்று தள்ளிக்கொண்டே வந்தாராம். கேட்டு முடித்ததும் எனக்குத் தோன்றியதைக் கேட்டேன்.

"மாடியில இத்தன வருசம் உக்காந்து பேசினோமே. இத ஏன் சொல்லல?"

"அங்க உக்காந்தா கடை மறந்துரும்லா. மறந்துட்டு எப்படிச் சொல்ல?"

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. எனக்கும் ஒன்று இருந்தது, அதை நானும் அந்த மாடியில் சொன்னதில்லை, சொல்ல இருக்கிறது என்பதே அன்றுதான் தெரிந்தது. "கடைய மூட வேண்டாம். நீங்க வர வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

"எனக்காகச் சொல்லாதளா."

"உங்களுக்காக இல்ல. எனக்குக் கடை பிடிக்கும்."

அவர் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அந்தக் கடை பிடிக்கும், தம்பி. எந்தப் படகுக்கு எந்தக் கயிறு என்று சொல்வது பிடிக்கும். காசிமேட்டு ஆட்கள் வந்து நின்று கடல் கதை பேசுவது பிடிக்கும். பெயிண்ட் வாசனையும் பிடிக்கும். உன் அப்பா, நானும் தன்னைப் போலவே பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தார். நான், அவருக்கு அந்தக் கடைதான் உயிர், நான் கூடமாட நிற்கிறேன் என்று நினைத்திருந்தேன். ஒரே கல்லாவுக்குப் பின்னால் இரண்டு பேரும். "இத நீயும் சொல்லவே இல்லியே" என்றார். கோபமாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை, அதிசயப்பட்டுப்போய்ச் சொன்னார்.

ஆக, உனக்கு இதுதான் செய்தி. உன் கல்யாணம் முடிந்ததும் அப்பா கடையை விட்டு நின்றுவிட்டார். நீ கூப்பிடும்போதெல்லாம் அவர் கடையில் இருப்பதாக நீயே நினைத்துக்கொண்டாய், நாங்களும் திருத்தவில்லை, நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று. இப்போது கடையில் நானும் கஸ்தூரியும். விஷயத்தைச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்ப நீதான் மொதலாளியா? மொத வேலையா அந்த ஃபேன இந்தாண்ட திருப்பு." அப்பா ஏழு மணி வரை தூங்குகிறார். மீன் குழம்பு வைக்கப் பழகுகிறார், புளி அதிகமாகிவிடுகிறது. என்ன செய்யப் போகிறீர்கள் என்று நீ கேட்காதே. அவருக்கே தெரியாது, அவசரமும் இல்லை.

ஒயினை நாங்கள் விட்டுவிடவில்லை. ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டோடு எனக்கு ஒரு சின்ன கிளாஸ், கண்ணாடி கிளாஸில்தான். அப்பாவும் யாரும் சொல்லாமலே குறைத்துக்கொண்டார், சனியும் ஞாயிறும் மட்டும். உன் ரிசப்ஷன் அன்று நான் இரண்டு குடித்தேன். அதற்காக வருத்தப்படவும் இல்லை. ஷட்டர் சத்தம் கேட்கும்போது சில நாள் இப்போதும் உள்ளே ஏதோ எழுந்து உட்காருகிறது. உட்காரட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

உன்னை நான் நிறுத்தச் சொல்லவில்லை. உனக்கு வயது இருபத்தெட்டு, உன் உடம்பு தாங்கும், பால்கனியும் உன்னுடையது. அந்த நேரத்தில் பேச்சு வருகிறது என்றால் பேசுங்கள். ஆனால் அங்கே பேசுவதுதான் மொத்தப் பேச்சும் என்று நினைத்துவிடாதே. வாரத்தில் ஒரு நாள் கையில் ஒன்றும் இல்லாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார். ஒன்றும் பேச வராமல் போகலாம். அதற்காகப் பயந்து எழுந்துவிடாதே, கோபித்துக்கொள்ளவும் செய்யாதே, நான் செய்தேன், வீணாக ஒரு நாள் பட்டினி கிடந்தேன். பெங்களூர் அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறாயா? உன்னோடு வந்ததால் பிடித்திருக்கும் என்று நீயாக வைத்திருப்பாய். கேள். உடனே பதில் வராவிட்டால் மறுநாளும் உட்காரு.

நேற்றும் போயிருந்தோம். கடல் அமைதியாக இருந்தது, துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருந்த கப்பல்களில் விளக்கு போட்டுவிட்டார்கள். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை, அவரும் சரி, நானும் சரி. காலையில் கடை திறக்க வேண்டுமே என்று நான் எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினேன். உன் அப்பா எழவில்லை.

"உக்காருளா" என்றார். "இன்னும் கொஞ்ச நேரம்."

உட்கார்ந்தேன்.

அம்மா